மெழுகில் பதிந்த வாய்

கரும்பாறை மடத்து வாசல் பூதலிங்கத்தின் பொறுப்பில் இருந்தது. மடத்துக்கு வருமுன் முப்பது வருடம் சிறையில் வார்டராக இருந்தவர். அங்கே ஆட்களை வெளியே விடாமல் பார்த்துக்கொண்டார். இங்கே உள்ளே விடாமல் பார்த்துக்கொண்டார். வேலை ஒன்றுதான், நிற்கிற திசை மட்டும் மாறியிருந்தது.

அறுபத்தொரு வயதுக்குள் அவர் யாரையும் முழுசாக நம்பியதில்லை. சமையல்கட்டில் மோரோடு தண்ணீர் கூடுதலாகச் சேர்கிறது என்பார். தோப்புக் குரங்குகளுக்கு உள்ளிருந்து யாரோ துப்புக் கொடுக்கிறார்கள் என்பார். இல்லையென்றால் பலாப்பழம் வெட்டுகிற அன்றைக்கு மட்டும் எப்படிச் சரியாக வந்து நிற்கின்றன?

மடத்தின் தலைவி உலகம்மை அவரைவிட ஐந்து வயது மூத்தவர். ஒரு காலத்தில் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சி. பல்லும் பிடுங்குவார். இப்போது அவர் வாயிலேயே நாலு பல்தான் மிச்சம். எல்லோரும் அவரை அம்மை என்றார்கள். பூதலிங்கம் நம்பிய ஒரே ஆள் அம்மைதான். அதுவும் முக்கால்வாசி.

ஆனி மாதம், காற்று விடாமல் அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், காவி வேட்டி கட்டிய ஒருவர் வாசலில் வந்து நின்றார். எழுபது வயது இருக்கும். நெஞ்சில் சளி கரகரத்தது.

"நான் சங்கரநயினார். இந்த மடத்துல தீட்சை வாங்குனவன். இருபத்தாறு வருஷத்துக்கு முன்ன வடக்க போனேன். திரும்பி வந்துருவேன்னு அப்ப தலைவரா இருந்த பெரியவருகிட்ட சொல்லிட்டுத்தான் போனேன்."

"பெரியவரு காலமாகி பதினெட்டு வருஷமாச்சு."

வந்தவர் மடத்துக்குப் பின்னால் தெரிந்த மரங்களைப் பார்த்தார். பிறகு, "தோப்புலதான வச்சிருக்காங்க?" என்று கேட்டார்.

"ஆமா."

"எனக்கும் அங்க ஒரு இடம் வேணும். ரொம்ப நாள் காக்க வைக்க மாட்டேன்" என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

மடத்தின் பின்னால் இலுப்பைத் தோப்பு இருந்தது. அங்கே தீட்சை பெற்றவர்களை மட்டுமே அடக்கம் செய்வார்கள். மற்ற யாராக இருந்தாலும் வெளிமண்டபத்தில் மூன்று நாள் தங்கலாம், வயிறாரச் சாப்பிடலாம், பிறகு போய்விட வேண்டும்.

பூதலிங்கம் அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தார். காவி புதுசாக இருந்தது. கால் வெடிப்பு போதாது என்று தோன்றியது. வடக்கே போனவன் இருபத்தாறு வருடம் நடந்திருந்தால் பாதம் இப்படியா இருக்கும்? தோப்பில் இடம் கேட்கிறவன் அதற்குமுன் அம்மையின் இடத்தைக் கேட்கமாட்டான் என்று என்ன நிச்சயம்? அம்மைக்கும் வயதாகிறது. இதெல்லாம் விசாரித்துக்கொண்டுதான் வருவார்கள்.

"உம்மளத் தெரிஞ்சவங்க இங்க யாரு இருக்கா?"

"நீங்கதான் சொல்லணும்."

"யாரும் இல்ல. அம்மை நீரு போனதாச் சொல்லுற வருஷத்துக்குப் பின்னால வந்தவங்க. நானு பதினொரு வருஷம். மத்தவங்க எனக்கும் பின்னால."

"அப்ப நான் சொல்லுறதுதான் சாட்சி."

"அந்தச் சாட்சிய நான் நெறைய பாத்திருக்கேன்வே" என்றார் பூதலிங்கம்.

அன்று மதியம் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. தனக்கே தன்மேல் மரியாதை வந்துவிட்டது, அப்படி ஒரு யோசனை.

கரும்பாறை மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தீட்சை வாங்குகிறவர் விரல் தடிமனில் தட்டிய தேன்மெழுகு வில்லை ஒன்றைப் பல் பதியக் கடிக்க வேண்டும். மேல்பக்கம் மேல்வரிசை, கீழ்ப்பக்கம் கீழ்வரிசை பதியும். "இந்த வாய் இனிப் பொய் சொல்லாது" என்பது அதன் பொருள். வில்லையைச் சின்னப் பானையில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, அரக்கு வைத்து, ஓலையில் பெயர் எழுதிக் கட்டி, மடத்துக்குப் பின்னாலுள்ள குகையில் மணலில் புதைத்து வைப்பார்கள். சித்திரை வெயிலிலும் அந்தக் குகை குளிர்ந்தே கிடக்கும்.

இதுவரை ஒரு பானையையும் யாரும் திறந்ததில்லை. திறக்கக் கூடாது என்று விதி இல்லை. திறக்க யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். பூதலிங்கத்துக்குத் தோன்றியது.

குகைக்குள் அரை நாள் மணலைக் கிளறினார். 'சங்கரநயினார்' என்ற ஓலை கட்டிய பானை கிடைத்தது. அதை எடுத்துக்கொண்டு, புதிதாக ஒரு மெழுகு வில்லையும் தட்டிக்கொண்டு, மறுநாள் காலை வெளிமண்டபத்துக்குப் போனார்.

"கடியும்."

வந்தவர் மறுப்புச் சொல்லவில்லை. கடித்தார். நடுவில் இருமல் வந்து, பொறுத்துக்கொண்டு மறுபடியும் கடித்தார்.

பூதலிங்கம் அவர் கண்முன்னாலேயே பழைய பானையின் அரக்கை உடைத்தார். உள்ளேயிருந்த வில்லை பழுத்துப் பழுப்பாகியிருந்தது. ஆனால் தடம் அப்படியே இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

பழைய வில்லையில் கீழ்வரிசை முன்பற்கள் ஒழுங்காக நின்றன. புதியதில் ஒன்று முன்னால் தள்ளிக்கொண்டு, அடுத்தது அதற்குப் பின்னால் ஒளிந்திருந்தது. பழையதில் மேலே நடுப்பற்கள் இரண்டும் ஒட்டியிருந்தன. புதியதில் இடையில் ஒரு நெல்மணி போகும் அளவு சந்து.

வந்தவர் எட்டிப் பார்த்தார். பழைய தடத்தை ஒற்றை விரலால் தொட்டார்.

"இது என் வாயா? எவ்வளவு அழகா இருந்திருக்கு!"

நல்ல நடிகன் என்று பூதலிங்கம் நினைத்துக்கொண்டார். சிறையில் இதைவிட நல்ல நடிகர்களைப் பார்த்தவர்தான். இருந்தாலும் அந்த விரல் தொட்ட விதம் அவரை ஒரு கணம் தொந்தரவு செய்தது. அதையும் நடிப்புக் கணக்கில் சேர்த்துவிட்டார்.

இரண்டு வில்லைகளையும் துண்டில் முடிந்துகொண்டு அம்மையிடம் போனார். அம்மை முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, அவன் நயினார் இல்ல. பொய் சொல்லுதான்."

"எப்படிக் கண்டுபிடிச்சீரு?"

பூதலிங்கம் சொன்னார். அம்மை கீரையை வைத்துவிட்டுக் கேட்டார். வில்லைகளை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"பழசுல இருக்க பல்லு சிலது புதுசுல இல்லியே?"

"விழுந்திருக்கும்மா. விழுறது சரி. அதை நான் குத்தமாச் சொல்லல. ஆனா இருக்குறதாவது இருந்த இடத்துல இருக்கணுமில்ல?"

"ஏன் இருக்கணும்?"

பூதலிங்கம் இப்படி ஒரு கேள்வியை எதிர்பார்க்கவில்லை.

"பல்லும்மா. எலும்புல அடிச்ச ஆணி."

"ஆணியா?" அம்மை கையைச் சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டார். "உம்ம முன்பல்லக் கட்டைவிரலாலயும் ஆள்காட்டி விரலாலயும் பிடியும். பிடிச்சாச்சா? முன்னயும் பின்னயும் அசையும். மெதுவா."

பூதலிங்கம் அசைத்தார். முகம் மாறியது.

"கொஞ்சம்... குடுக்கும்மா."

"சுவத்துல அடிச்ச ஆணி அப்படிக் குடுக்குமா?"

"குடுக்காது. பல்லு ஆடுதோ எனக்கு?"

"ஆடல. எல்லாருக்கும் அப்படித்தான். பல்லு எலும்புல ஒட்டி நிக்கல. நடுவுல நாரு நாரா இருக்கு. அந்த நாருல தொங்கிட்டு நிக்கு."

"தொங்குதா?"

"தொட்டில் தொங்குற மாதிரி. நான் பிடுங்குன பல்லுல வேரச் சுத்தி அந்த நாரு ஒட்டிட்டு வரும். நூறு தடவை பாத்திருக்கேன்."

பூதலிங்கம் பல்லை விட்டார். சந்தேகம் விடவில்லை.

"தொங்கட்டும்மா. தொட்டில் தொங்குனாலும் வீடு மாறாதுல்ல?"

அம்மை சிரித்தார். நாலு பல்லும் தெரிந்தது.

"உம்ம பானையக் கொண்டு வாரும்."

"எதுக்கும்மா?"

"கொண்டு வாருமே."

பூதலிங்கத்தின் பானை மற்றவர்களுடையதைப் போல இல்லை. பதினொரு வருடத்துக்கு முன் அதை அவரே கட்டினார், யாரையும் நம்பாமல். சிறையில் சாவிக்கொத்துக்குப் போடும் மூன்று சுற்று முடிச்சு அதில் இருந்தது. அந்த முடிச்சு மடத்தில் வேறு யாருக்கும் தெரியாது. அரக்கின் மேல் தன் கட்டைவிரலையும் பதித்திருந்தார்.

முடிச்சு அப்படியே இருந்தது. கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். பொருந்தியது. உடைத்தார்.

அம்மை ஒரு மெழுகு வில்லையைத் தட்டிக் கொடுத்தார். பூதலிங்கம் கடித்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்தார்.

பொருந்தவில்லை.

பழையதில் கீழ்வரிசை நேராக நின்றது. புதியதில் ஒரு பல் உள்ளே ஒதுங்கி, பக்கத்துப் பற்கள் இரண்டும் அதன் இடத்தை நெருக்கிக்கொண்டிருந்தன. திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பார்த்தார். தள்ளி வைத்துப் பார்த்தார்.

முதலில் அவர் செய்தது என்ன தெரியுமா? அம்மையைச் சந்தேகப்பட்டதுதான்.

"யாரோ மாத்தி வச்சிருக்காங்கம்மா" என்றார், அம்மையின் முகத்தைப் பாராமல்.

"யாரு?"

"குகைக்குப் போற வழி ரெண்டு பேருக்குத்தான் தெரியும்."

"நானும் நீரும்."

"ஆமா."

"முடிச்சு?"

"என் முடிச்சுதான்."

"கைரேகை?"

"என் ரேகைதான்."

"அப்ப?"

பூதலிங்கம் வில்லையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மெழுகு அவருடையது. வாயும் அவருடையதுதான். இரண்டுக்கும் பழக்கமே இல்லை. முப்பது வருடம் பிறர் வாக்குமூலத்தைக் கிழித்தவருக்குத் தன் வாயே எதிர்சாட்சியாக வந்து நின்றது. 

"நாலு வருஷத்துக்கு முன்ன உமக்கு வலப்பக்கம் கீழ்க் கடைவாய்ப்பல்லு ஒண்ணு பிடுங்குனேன். ஞாபகம் இருக்கா?" என்றார் அம்மை.

"நல்லா இருக்கு." அந்த வலியை எப்படி மறப்பது.

"அதுக்கு நேர் மேல இருக்க பல்ல நாக்கால தொட்டுப் பாரும்."

தொட்டார். அந்தப் பல் பக்கத்துப் பற்களைவிடக் கீழே இறங்கியிருந்தது. இத்தனை நாள் அது தெரியவே இல்லை. தெரியாமல் இல்லை, யோசிக்கவில்லை.

"இறங்கியிருக்கும்மா."

"எங்க போவுது அது?"

"கீழதான். கீழ ஒண்ணும் இல்லியே!"

"அதனாலதான் போவுது."

பூதலிங்கம் உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, எனக்குப் புரியும்படியாச் சொல்லுங்க. பல்லு மொளைக்கும். மொளைச்சா நிக்கும். அதுதான எல்லாருக்கும் தெரிஞ்சது?"

"மொளைக்கிறத நீரு பாத்திருக்கீரா?"

"இல்ல."

"நான் பாத்திருக்கேன். ஆறு மாசப் பிள்ளை வாயில விரல வச்சா ஈறுக்குள்ள கல்லு மாதிரி நெருடும். யாரும் அதைக் கூப்பிடல. அதுவா வருது. பால்பல்லு விழுறதுக்கு முன்னாலயே கீழ அடுத்த பல்லு கெளம்பிரும். மேல இருக்கறதோட வேரக் கரைச்சுட்டே வரும். விழுந்த பால்பல்லப் பாத்தீர்னா வேரே இருக்காது."

"எது தள்ளுது?"

"தெரியாது. வேரு வளந்து தள்ளுதுங்காங்க. இல்ல, அந்த நாருதான் இழுக்குதுங்காங்க. நான் கேட்ட வைத்தியருங்க எல்லாம் ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாங்க. எது தள்ளுதோ, எதிர்ப்பல்லு வந்து தட்டுற வரைக்கும் வருது."

"தட்டுனதும் நின்னுருதுல்ல?"

"நிக்கல. ரெண்டும் ஒண்ண ஒண்ணு தாங்கிட்டு இருக்கு. அது நமக்கு நிக்கிற மாதிரி தெரியுது. நாப்பது வருஷம் சோறு மெல்லுதீரு. பல்லு தேயுது. எவ்வளவு தேயுதோ அவ்வளவு வெளிய வருது. இல்லாட்டா வாய மூடுனா பல்லு பல்லோட சேராது."

"பக்கத்துல இருக்கறது?"

"அதுவும் முன்பக்கமா கொஞ்சம் கொஞ்சமா நகருது. ஒருத்தன் எழுந்து போயிட்டா பக்கத்துல உக்காந்தவன் சாயுறான்ல, அப்படிச் சாயுது. உள்ளருந்து நாக்குத் தள்ளுது, வெளியருந்து உதடு தள்ளுது. இந்த ரெண்டு சண்டைக்கும் நடுவுல எங்க இடம் கிடைக்குதோ அங்க நிக்கு."

"எப்ப நிறுத்தும்?"

"விழுறப்ப."

பூதலிங்கத்தின் நாக்கு அந்த இறங்கிய பல்லையே தொட்டுக்கொண்டிருந்தது. தன் வாய்க்குள் பகலும் இரவும் ஒருத்தன் இடம் மாறிக்கொண்டிருக்கிறான், வாசல் காக்கிற தனக்கே தெரியாமல். அவருக்கு அவமானமாக இருந்தது.

"பல்லு ஏம்மா இப்படிச் செய்யுது?"

"எதிர்ல ஒண்ணு வேணும் அதுக்கு. இருந்தா அதும்மேல நிக்கும். இல்லாட்டா அதத் தேடிட்டுப் போவும்."

அம்மை மறுபடி கீரையை எடுத்தார்.

"சரி, வாசல்காரரே. என் பானையும் குகையிலதான் கிடக்கு. நான் தீட்சை வாங்கும்போது எனக்கு முப்பது பல்லு. இப்ப நாலு. என் பானையத் தொறந்தா தோப்புல எனக்கு இடம் உண்டா?"

"நீங்க அம்மை."

"யாரு சொன்னா?"

 வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் சிரித்துக்கொண்டே போய் வந்தவரை உள்ளே கூப்பிட்டிருப்பார்கள். பூதலிங்கம் அப்படிப்பட்ட ஆள் இல்லை. அவர் எழுந்து மேல்துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அம்மா, விதின்னா எல்லாருக்கும்தான். தடம் பொருந்தலன்னு அந்த ஆள வெளிய உக்கார வச்சிருக்கேன். எனக்கும் பொருந்தல. நான் மட்டும் உள்ள இருந்தா அது திருட்டு."

"எங்க போறீரு?"

"வெளிமண்டபத்துக்கு."

"போர்வையும் எடுத்துக்கிடும். அங்க காத்து அடிக்கும்."

"வாசல யாரும்மா பாப்பாங்க?"

"தொறந்து கிடக்கட்டும்."

இதுதான் பூதலிங்கத்துக்குத் தாங்க முடியாததாக இருந்தது. ஆனாலும் போனார். நாலு வில்லைகளையும் துண்டில் முடிந்து எடுத்துக்கொண்டு போனார். சாட்சிப் பொருளை விட்டுவிட்டுப் போகும் பழக்கம் அவருக்கு இல்லை.

வெளிமண்டபத்தில் வந்தவர் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பூதலிங்கம் அவருக்கு இரண்டு தூண் தள்ளி உட்கார்ந்தார். திறந்து கிடக்கும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஆடு உள்ளே போயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டுக்கு மெழுகு வழக்கம் இல்லை.

"ஐயா ஏன் வெளிய வந்துட்டீங்க?" என்று வந்தவர் கேட்டார்.

"என் வாயும் பொருந்தல."

"ஓ."

வந்தவர் அதற்குமேல் கேட்கவில்லை. சிரிக்கவும் இல்லை. ஒரு தூண் கிட்டத்தில் வந்து உட்கார்ந்தார்.

மதியம் சமையல்கட்டிலிருந்து இருவருக்கும் சோறு வந்தது. கூடவே வறுத்த கடலை ஒரு பிடி. பூதலிங்கம் வழக்கம்போல் வந்தவரைக் கவனித்துக்கொண்டே சாப்பிட்டார். பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா? அவர் இடப்பக்கம் மட்டும் மெல்வதைப் பார்த்தார். அப்போதுதான் தானும் இடப்பக்கமே மெல்வது தெரிந்தது.

"வலப்பக்கம் எந்தப் பல்லு போச்சு உமக்கு?" என்று கேட்டார். விசாரணைக் குரலில் கேட்கத்தான் நினைத்தார். குரல் வேறு மாதிரி வந்துவிட்டது.

"கீழ, கடைவாயி. வடக்க ஒரு படகுத்துறையில. நான் கயிற இழுத்துப் பிடிச்சிட்டிருந்தேன். கயிறு அறுந்து கட்டை வந்து தாடையில அடிச்சிட்டு. ஆத்துலயே துப்பிட்டேன்."

"மேல இருக்கறது இறங்கியிருக்கா?"

வந்தவர் நாக்கால் துழாவினார். கண்கள் விரிந்தன.

"இறங்கியிருக்கு! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் இறங்கியிருக்கு."

"எதுக்கு இறங்குது?"

"கீழ உள்ளதத் தேடுதாம். அம்மை சொல்லுதாங்க."

"நான் அத ஆத்துலல்ல துப்பிட்டேன்!" என்றார் வந்தவர். "இது தேடிட்டுப் போவணும்னா ரொம்ப தூரம் போவணுமே!"

அதில் என்ன இருந்ததோ, பூதலிங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்தவரும் சிரித்தார். இருமிக்கொண்டே சிரித்தார். வாய் திறந்து, தலை பின்னால் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். வெயில் நேராக அந்த வாய்க்குள் விழுந்தது.

பூதலிங்கம் சிரிப்பை நிறுத்தினார்.

மேல்வரிசையில் இடப்பக்கக் கோரைப்பல். அதன் முனை ஒரு பக்கமாக உடைந்து, பிறை மாதிரி வளைந்திருந்தது.

"அது எப்ப உடைஞ்சது?"

"எது?"

"அந்தக் கோரைப்பல்லு."

"அதுவா? சின்னப் பிள்ளையில கொட்டைப்பாக்கக் கடிச்சு உடைச்சது. எங்க அப்பாகிட்ட அதுக்கு அடி வேற."

பூதலிங்கம் துண்டின் முடிச்சை அவிழ்த்தார். அவசரத்தில் முடிச்சு இறுகிக்கொண்டது. அவர் போட்ட முடிச்சு அவருக்கே வழிவிடவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தார்.

சங்கரநயினாரின் பழைய வில்லையை எடுத்தார். மேல்பக்கம் பார்த்தார். காலையில் பார்த்த அதே தடம்தான். அப்போது இடத்தைப் பார்த்தார், உருவத்தைப் பார்க்கவில்லை. எல்லாக் குழியும் முழுசாக இருக்க, இடப்பக்கம் ஒன்று மட்டும் பிறை மாதிரி இருந்தது. இப்போது வாயில் அந்தப் பல் நிற்கும் இடத்திலிருந்து அது ஒரு நெல் அளவு தள்ளி இருந்தது. அவ்வளவுதான்.

"வாயத் திறவும்" என்றார். 

அந்தக் குழியை மட்டும் அந்தப் பல்லுக்கு நேரே வைத்து அழுத்தினார். சாவி பூட்டுக்குள் போகிற மாதிரிப் போயிற்று. முப்பது வருடம் கேட்டுப் பழகிய அந்தச் சின்னச் சத்தம்கூடக் கேட்டதாக அவருக்குத் தோன்றியது.

"நீரு நயினாருதான்!"

"அது எனக்கு முன்னமே தெரியும் ஐயா" என்றார் நயினார், மெழுகை வாயிலிருந்து எடுத்துக்கொண்டே.

பூதலிங்கத்துக்கு அது காதில் விழவில்லை. அவ்வளவு சந்தோஷம். வாழ்நாளில் எத்தனையோ பேரைப் பொய்யன் என்று நிரூபித்திருக்கிறார். ஒருத்தரை உண்மையானவர் என்று நிரூபித்தது இதுதான் முதல் தடவை. அது இப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

நயினாரின் கையைப் பிடித்தார். தூக்கி நிறுத்தினார். "மெதுவா, மெதுவா" என்று அவர் சொல்லச் சொல்ல இழுத்துக்கொண்டு நடந்தார், பாதி ஓடினார். வாசலைத் தாண்டினார். உள்ளே வந்த ஆடு ஒதுங்கி வழிவிட்டது. முற்றத்துக்கு வந்து சேர்ந்தபோது இருவருக்குமே மூச்சு வாங்கியது.

அம்மை கீரையைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார்.

"அம்மா! இவரு நயினாருதாம்மா! ஆதாரம் இருக்கு!"

"என்ன ஆதாரம்?"

"கோரைப்பல்லு. முனை உடைஞ்சது. பாக்கு கடிச்சு உடைஞ்சது. பல்லு நகந்திருக்கு, ஆனா உருவம் அதேதான். பழைய மெழுகுல அப்படியே பொருந்துது. வந்து பாருங்க. நயினாரே, வாயத் திறவும்."

நயினார் வாயைத் திறந்தார். அம்மை எட்டிப் பார்த்தார். மெழுகை வாங்கிப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"ஆமா. அதேதான்."

"தோப்புல இவருக்கு இடம் உண்டுல்லம்மா? பெரியவருக்குப் பக்கத்துல?"

"உண்டு. இப்பவே வேண்டாம். முதல்ல அந்தச் சளிக்குத் தூதுவளைக் கசாயம் வச்சுக் குடுப்போம். உக்காரும், நயினாரே."

நயினார் உட்கார்ந்தார். முற்றத்தையும் கூரையையும் ஒரு சுற்றுப் பார்த்தார். மற்றக் கையால் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

பூதலிங்கம் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. அம்மை அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அவரு கோரைப்பல்லக் காட்டி உள்ள வந்தாரு."

"ஆமாம்மா!"

"நீரு எந்தப் பல்லக் காட்டி உள்ள வந்தீரு?"

பூதலிங்கம் திரும்பி வாசலைப் பார்த்தார். அது திறந்துதான் கிடந்தது. நயினாரின் கை இன்னும் அவர் கையில் இருந்தது.